ஆறாவது மாடியின் மூன்று எண்கள்

உடைத்துப் பார்க்காத மூன்று கான்கிரீட் கட்டிகளுக்கு, உடைத்துப் பார்த்ததாகச் சொல்லி நான் எண் எழுதிக் கொடுத்தேன். ஓசூரில் அப்போது எழும்பிக்கொண்டிருந்த பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தின் ஆறாவது மாடித் தூண்களுக்கான கட்டிகள் அவை. என்னை யாரும் மிரட்டவில்லை. யாரும் என் கையில் எதையும் திணிக்கவும் இல்லை. எழுதினேன், கையெழுத்துப் போட்டேன், ஐந்து மணி பேருந்தைப் பிடிக்க ஓடினேன்.

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் கட்டிடப் பொறியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். வீடு ஓசூரில். வேலைக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல், திரும்பி வர அதே அளவு. சாலையை நான்கு வழியாக அகலப்படுத்திக்கொண்டிருந்த வருடங்களில் இன்னும் கூட. வாழ்க்கையில் பாதியை ஜன்னலோரத்தில் கழித்தவன் என்று என் மனைவி சொல்வாள்.

அந்த ஜன்னலிலிருந்து பார்க்க முன்பெல்லாம் உயரமாக ஒன்றும் கிடையாது. ஓசூர் நெருங்கினால் மலைக்கோயில் தெரியும். மற்றதெல்லாம் தகரக் கூரை போட்ட தொழிற்சாலைகள், சுற்றுச்சுவர்கள், ரோஜாத் தோட்டங்களின் வெள்ளை பிளாஸ்டிக் கூடாரங்கள். எங்கள் ஊர் படுத்தே கிடந்த ஊர். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்களில்தான் அந்தக் கட்டிடம் எழும்பியது. பெங்களூர்க்காரர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். எங்களுக்கு அதுதான் வானளாவி. வெளியூர் போய்விட்டுத் திரும்பும் எவரும், பேரண்டப்பள்ளிக் காட்டைத் தாண்டியதும் அதைத் தேடிக் கழுத்தை நீட்டுவார்கள். அது கண்ணில் பட்டால் ஊர் வந்துவிட்டது என்று பையை மடியில் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

கட்டி முடிப்பதற்கு முன்பே 'பன்னிரண்டு மாடி' என்று அதன் பெயரில் ஒரு நிறுத்தமும் வந்துவிட்டது. கண்டக்டர் கன்னடத்தில் "ஹன்னெரடு மஹடி" என்று குரல் கொடுப்பார். பூக்கூடைக்காரம்மா தெலுங்கில் "பன்னெண்டு அந்தஸ்து" என்று சீட்டு கேட்பார். தெலுங்கில் அந்தஸ்து என்றால் மாடி.

"அந்தஸ்து உள்ளவங்கதான் அங்க எறங்கணுமா?" என்று பின்சீட்டிலிருந்து ஒருவர் கேட்பார்.

"அப்ப நீ பஸ் ஸ்டாண்டுக்கே வா" என்பார் கண்டக்டர். பேருந்தே சிரிக்கும்.

பூச்சு இல்லாமல் எலும்பாக நின்ற நாட்களில்தான் எனக்கு அதை அதிகம் பிடித்திருந்தது. சாயங்கால வெயில் பின்னால் விழும்போது ஒவ்வொரு தளத்துக்கும் நடுவில் ஒரு பட்டை வானம் தெரியும். தளமும் வானமும் மாறி மாறி அடுக்கியதுபோல் இருக்கும். மேல் தளத்தில் முட்டுக்கம்புகள் முளைத்திருக்கும். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் அந்தத் தளமும் கீழே போய், அதன்மேல் புதிய கம்புகள் நிற்கும். நான் தினமும் எண்ணினேன். மற்றவர்கள் வெளியிலிருந்து மட்டும் பார்த்தார்கள். எனக்கோ அதன் தூண்களுக்குள் இருந்த பலமும் எண்ணாகத் தெரியும். அந்தக் கட்டிடத்தின் கான்கிரீட்டைச் சோதித்தது எங்கள் பாலிடெக்னிக்கின் ஆய்வகம். அந்தக் கர்வம் எனக்கு நிறைய இருந்தது.

சோதனை இதுதான். தூணுக்குக் கான்கிரீட் போடும் அன்று, அதே கலவையிலிருந்து எடுத்து இரும்பு அச்சுகளில் ஆறு கட்டிகள் வார்ப்பார்கள். ஒவ்வொன்றும் அரை அடிக் கனசதுரம். மறுநாள் அச்சிலிருந்து எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட வேண்டும். ஏழாம் நாள் மூன்றை இயந்திரத்தில் வைத்து நசுக்குவோம். மீதி மூன்றை இருபத்தெட்டாம் நாள். எந்தப் பாரத்தில் உடைகிறதோ அதைக் கணக்கிட்டு எழுதினால், அதுதான் தூணின் பலம். மேலே எத்தனை மாடி வந்தாலும் அந்தக் காகிதத்தை நம்பித்தான் ஏற்றுவார்கள்.

ஆய்வக உதவியாளர் வேப்பனப்பள்ளிப் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். ஏறக்குறைய என் வயது. கட்டி உடையும் சத்தத்தை வைத்தே எண்ணைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடுவார். ஆனாலும் இயந்திர அறைச் சாவியை நான் அவரிடம் கொடுத்ததில்லை. என் எதிரில்தான் உடைக்க வேண்டும் என்பது நான் போட்ட விதி.

ஆறாவது மாடித் தூண்களுக்குக் கான்கிரீட் போட்ட அன்று மழை. ஏழாம் நாள் உடைத்ததில் இரண்டு கட்டிகள் நன்றாக இருந்தன, ஒன்று குறைவாக வந்தது. இருபத்தெட்டாம் நாள் பார்க்கலாம் என்றேன். அதற்குள் மலேசியாவில் இருந்த மகளைப் பார்க்கப் புறப்பட்டுவிட்டேன். சாவி என் பீரோவுக்குள், பீரோச் சாவி என் பையில். அங்கே உயரமான கோபுரங்களின் அடியில் நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். எங்கள் ஊரிலும் ஒன்று வருகிறது என்று மருமகனிடம் பெருமை பேசினேன். இருபத்தெட்டாம் நாள் அங்கேயே கழிந்துபோயிற்று.

திரும்பி வந்த அன்று உதவியாளர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"சார், ஆறாம் மாடி கட்டி தொட்டியிலயே கெடக்குது. நாள் தாண்டிப் போச்சி. இப்ப ஒடைக்கலாமா?"

"எத்தனை நாள் ஆச்சு?"

"முப்பத்தொம்போது."

"இருபத்தெட்டாம் நாள் ரிப்போர்ட்டுக்கு முப்பத்தொன்பதாம் நாள் எண்ணை எப்படி எழுதறது?"

"முப்பத்தொம்போதுன்னே எழுதுங்க. அதுல என்ன இருக்குது?"

அவர் சொன்னதுதான் சரி. அப்படித்தான் எழுத வேண்டும். எழுதினால் நான் ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு ஊர் சுற்றப் போனது தெரிந்துவிடும். வெளியே கட்டிட வேலை நடத்துபவர்களின் ஆள் ரிப்போர்ட்டுக்காக மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்தான். ஏழாம் நாள் எண்களிலிருந்து பெருக்கி இருபத்தெட்டாம் நாளுக்கு ஒரு மதிப்பைக் கொண்டுவர என்னால் முடியும். வகுப்பில் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் மூன்று கட்டிகள் ஒருபோதும் ஒரே எண்ணில் உடையாது. அதனால் யோசித்து, ஒன்றுக்கொன்று கொஞ்சம் தள்ளி, தசமப் புள்ளியோடு மூன்று எண்கள் எழுதினேன். மழை நாளின் குறைவான கட்டியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டேன். அவசரத்தில் செய்தேன் என்று என்னால் இன்று சொல்லிக்கொள்ள முடியாதபடி செய்வது அந்தத் தசமப் புள்ளிகள்தான். அவ்வளவு நிதானமாக எழுதியிருக்கிறேன்.

பதிவேட்டை உதவியாளர் பக்கம் தள்ளினேன். உடைத்தவர் என்ற கட்டத்தில் அவர் கையெழுத்து வேண்டும்.

"நான் போடமாட்டன் சார். நான் ஒடைக்கல."

"ரொம்பப் பெரிய ஆளாயிட்டீங்க."

"பெரிய ஆளா இருந்தா போட்டிருப்பன்" என்றார்.

இரண்டு கட்டத்திலும் நானே கையெழுத்திட்டேன். கட்டிகளைத் தொட்டியிலிருந்து எடுத்து வெளியே போடச் சொன்னேன். அந்த வாரமே கல்லூரிக்குப் பின்னால் பாதைப் பள்ளத்தை நிரப்பியபோது இடிபாடுகளோடு அவையும் உள்ளே போய்விட்டன. இனி நானே நினைத்தாலும் அந்த எண்களைச் சரிபார்க்க வழியில்லை.

அதன் பிறகு பேருந்தில் என்னால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. பேரண்டப்பள்ளி வந்தால் புத்தகத்தைத் திறப்பேன்; ஒரு வரி ஓடாது; மூடிவிட்டு வெளியே பார்ப்பேன். ஏழாவது தளம் ஏறியது. எட்டு, ஒன்பது. ஒவ்வொன்றும் ஆறாவதின் தலைமேல் ஏறுவதாகவே எனக்குத் தெரிந்தது. வழக்கமான சீட்டை விட்டு எதிர்ப்பக்கம் மாறி உட்கார்ந்து பார்த்தேன். அங்கே உட்கார்ந்தால் கட்டிடம் கண்ணில் படாது. படாததால், அது இன்னும் நிற்கிறதா என்று எழுந்து குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. "என்ன சார், எதையாவது விட்டுட்டீங்களா?" என்று பக்கத்தில் இருப்பவர்கள் கேட்பார்கள்.

கட்டிடம் முடிந்து வண்ணம் பூசிய வருடம் ஒருவர் பழக்கமானார். குருபரப்பள்ளியில் ஏறுவார். கிரானைட் பாலிஷ் போடும் ஆலையில் வேலை, விருதுநகர்ப் பக்கத்துக்காரர், மனைவிக்கு ஓசூரில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை என்பதால் வீடு ஓசூரில். சட்டைக் காலரில் எப்போதும் கல் தூசி இருக்கும். ஒரு நாள் அவரே என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க கட்டிடம் சொல்லிக் குடுக்கிற சார்தான? அங்கிட்டுப் பாருங்க, பன்னெண்டு மாடி. அதுல ஆறாவதுல ஒரு வீடு பாத்திருக்கோம். ஊருல கெடக்கிற மானாவாரிக் காட்ட வித்துறலாம்னு இருக்கோம்."

"ஆறாவதா?"

"ஏன் சார், ஏழாவதுதான் நல்லதோ? அங்க எல்லாம் போயிருச்சு."

அவர் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்.

"கல்லுன்னா நானே சொல்லிப்புடுவேன் சார். சுத்தியல வச்சு ஒரு தட்டு. கணீர்னா நல்ல கல்லு, சொத்துன்னா உள்ள விரிசல். சிமெண்டு வேல நமக்குத் தெரியாது. நீங்க சொல்லுங்க, அந்தக் கட்டிடம் எப்படி?"

பேருந்தில் கூட்டம். கண்டக்டர் சில்லறைக்குக் கத்திக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வேறு யாரையாவது கேளுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம்.

"நல்ல கட்டிடம்" என்றேன்.

"போதும் சார். எங்க வீட்டம்மாகிட்ட இன்னைக்கே சொல்லிர்றேன்."

பால் காய்ச்ச அழைத்தார்கள். போகாமல் இருந்தால் ஏன் என்று கேட்பாரே என்று போனேன். அந்தக் கட்டிடத்துக்குள் நான் முதல் முறையாக ஏறியது அன்றுதான். பால்கனியில் நின்றபோது, இத்தனை வருடம் கீழே பேருந்தில் நான் அலைந்த தடம் முழுவதும் தெரிந்தது. சாலை வெள்ளைக் கோடாக வளைந்து காட்டுக்குள் போனது. தொழிற்சாலைக் கூரைகள் ஈரத்தில் மின்னின. மறுபக்கம் கர்நாடகத்தின் தென்னைகள். எல்லை எங்கே என்று சொல்ல முடியாது. என் ஊர் இவ்வளவு அழகு என்று எனக்கு அதுவரை தெரியாது. அதை இரண்டு நிமிடம்கூட நின்று பார்க்க முடியாமல், கூடத்துக்குள் வந்து அங்கிருந்த தூணில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

"சார் என்ன, தூணையே தடவிக்கிட்டு நிக்கிறாரு? கேசரி ஆறுது சார்" என்றார் அவர் மனைவி.

"படிச்ச படிப்பு அப்படி, விடு" என்று கணவர் சிரித்தார்.

நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. கூடத்துத் தூணின் ஓரமாக, மேலிருந்து கீழ்வரை, மயிரிழை போல ஒரு விரிசல். பயமாக இருக்கிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார்.

போய்ப் பார்த்தேன். நாற்காலி போட்டு ஏறி, நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். செங்கல் சுவரும் தூணும் சேரும் இடத்தில் கோழிவலை எனப்படும் மெல்லிய கம்பிவலையை வைத்துப் பூசாமல் விட்டிருக்கிறார்கள். பூச்சு மட்டும் பிரிந்திருக்கிறது. பாதி வீடுகளில் இருப்பதுதான். தூணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதைச் சொன்னேன். அன்று நான் சொன்னது முழு உண்மை.

"நீங்க பாத்துச் சொல்லிட்டீங்கள்ல, அப்பச் சரி" என்று அவர் நாற்காலியை எடுத்து வைத்தார். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார். என் வார்த்தையை நம்பி அந்தப் பெண்ணின் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை. மழை பெய்த நாள், பூட்டிய அறை, மூன்று எண்கள், பள்ளத்துக்குள் போன கட்டிகள், எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தூணுக்கு என்ன பலம் என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது என்றேன்.

"பேப்பர்ல பொய் எழுதுனீங்க. அது ஒங்க ஆபீசு, ஒங்க பயம்" என்றார் அவர். "பஸ்ல எதுக்குய்யா சொன்னீங்க? ஒங்களுக்கு நான் என்ன செஞ்சேன்? தெரியாதுன்னு ஒரு வார்த்த. காட்ட விக்காம இருந்திருப்பேன்ல?"

நான் எழுந்தேன்.

"காப்பியக் குடிச்சுட்டுக் கெளம்புங்க" என்றார். குடித்தேன். இறங்கும்போது லிஃப்டைக் கூப்பிடத் தோன்றவில்லை. ஆறு மாடியையும் படியில் இறங்கினேன்.

மறுநாள் மூன்று கடிதங்கள் எழுதினேன். பாலிடெக்னிக் முதல்வருக்கு ஒன்று, கட்டியவர்களுக்கு ஒன்று, குடியிருப்போர் சங்கத்துக்கு ஒன்று. உதவியாளருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவர், "சாவிய எங்கிட்ட குடுத்துட்டுப் போயிருந்தா ஒண்ணுமே ஆயிருக்காது சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கட்டியவர்களின் பொறியாளர் போனில், "சார், கட்டிடம் நிக்குதுல்ல? நிக்கிறதை ஏன் சார் தட்டி எழுப்புறீங்க?" என்றார். சங்கத்துக் கூட்டம் தரைத்தளத்தில் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. போய் நின்றேன். எனக்கு நாற்காலி போடவில்லை.

"மனசுக்குப் பாரமா இருந்தா கோயிலுக்குப் போங்க சார். எங்க பில்டிங்குக்கு ஏன் வந்தீங்க?" என்றார் ஒருவர்.

"இது வெளியில போச்சுன்னா ஒரு வீடு விக்குமா? யாரும் வாயத் தொறக்காதீங்க" என்றார் இன்னொருவர்.

சோதனையே வேண்டாம் என்பதில் பெரும்பாலோர் ஒன்றாக இருந்தார்கள். அப்போது பின்வரிசையில் கிரானைட்காரர் எழுந்தார். என் பக்கம் பார்க்கவில்லை.

"என் வீட்டுத் தூணுல ஓட்டையப் போட்டுப் பாருங்க. விக்கிறதப் பத்தி விக்கிறவன் பேசட்டும். நான் அங்க இருக்கிறவன். எனக்குத் தெரிஞ்சாகணும்."

அந்தக் கூட்டத்துக்குப் பிறகும் எட்டு மாதம் இழுத்தது. அவர் ஆறாவது மாடியின் ஒவ்வொரு கதவையும் தட்டிச் சம்மதம் வாங்கினார். செலவை நான் ஏற்றேன். அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெங்களூரிலிருந்து வந்த ஒரு பொறியாளர் தூண்களைச் சுத்தியல் கருவியால் சோதித்து, சந்தேகமான இடங்களில் துளையிட்டு, கான்கிரீட்டை உருளையாக வெட்டி எடுத்தார். கூடம் முழுவதும் சேற்றுத் தண்ணீர். நான் வாசற்படிக்கு வெளியே நின்றேன். உள்ளே வரச் சொல்லவில்லை. வெட்டி எடுத்த முதல் உருளையைக் கிரானைட்காரர் கையில் வாங்கி, கட்டைவிரலால் சுற்றிலும் தேய்த்துப் பார்த்தார். "ஜல்லி நல்லாத்தான் புடிச்சிருக்கு" என்று பொறியாளரிடம் சொன்னார். அந்தக் குரலில் இருந்த ஆசையைக் கேட்டபோது என்னால் அங்கே நிற்க முடியவில்லை. படிக்கட்டில் ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் இடையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

முடிவு வர மூன்று வாரம். தூண்களின் பலம் நான் எழுதியதைவிடக் குறைவு. விதி ஏற்றுக்கொள்ளும் எல்லைக்குள் எல்லாம் அடங்கின, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று கிரானைட்காரர் வீட்டுக் கூடத்துத் தூண். விழுந்துவிடாது, ஆனால் அப்படியே விடக்கூடாது என்றார் பொறியாளர். சுற்றிலும் கம்பி கட்டி, நான்கு அங்குலம் கான்கிரீட் போர்த்தி அதைப் பருமனாக்கினார்கள். வேலை நடந்த நாட்களில் குடும்பம் இரண்டு தெரு தள்ளி வாடகை வீட்டில் இருந்தது. திரும்பி வந்தபோது கூடத்தில் கட்டில் போட்டிருந்த இடத்தில் கட்டில் நுழையவில்லை.

பாலிடெக்னிக்கில் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். இதைத் தவிர வேறு எதிலாவது இப்படிச் செய்தீர்களா என்று முதல்வர் கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை. அதை அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். நான் கையெழுத்திட்ட பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடி, ஒரு பள்ளிக்கூடத்திலிருந்தும் ஒரு கல்யாண மண்டபத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நேர்மையாக எழுதிய நூற்றுக்கணக்கான எண்களும் அந்த மூன்றோடு சேர்ந்து கெட்டுப்போயின. ஆய்வகம் வெளிவேலை எடுப்பதை நிறுத்தியது.

சோதனை அறிக்கையின் பிரதியை எடுத்துக்கொண்டு நான் ஆறாவது மாடிக்குப் போனேன். ஆங்கிலத்தில் இருந்த அறிக்கையை அவர்களுக்குப் புரியும்படி தமிழில் நான்கு பக்கம் விளக்கி எழுதி, கீழே கையெழுத்திட்டு, மேலே வைத்திருந்தேன். கிரானைட்காரர் வாசலில் நின்றே வாங்கினார். அறிக்கையை வைத்துக்கொண்டு என் நான்கு பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"இது வேணாம் சார். அந்த பெங்களூர் இன்ஜினியர் ஞாயித்துக்கெழம வர்றாரு. அவரு வாயால சொல்லட்டும், கேட்டுக்கிடுறோம்."

பத்து நாள் கழித்து அவரே போன் செய்தார்.

"இருக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம் சார். வேற போக்கிடம் இல்லாம இல்ல. அவரு வரி வரியா சொன்னாரு. நானும் எம் பொண்டாட்டியும் ஒக்காந்து பேசி முடிவு பண்ணோம். ஒங்ககிட்டயும் சொல்லிரணும்னு தோணுச்சு."

"வந்து பார்க்கட்டுமா?" என்று கேட்டேன்.

"இப்ப வேணாம் சார்" என்றார்.

அந்த 'இப்ப' எவ்வளவு காலம் என்று நான் கேட்கவில்லை. அவர் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு இன்றுவரை கூப்பிடவில்லை.